காபிக்கு முன் ஒரு மணி நேரம்

ஜூன் 3

அம்மா ஹைதராபாத்துக்குப் போய்விட்டாள். அக்கா கயலுக்கு இரண்டாவது பிரசவம். ரயில் நகர ஆரம்பித்ததும் ஜன்னல் கம்பி வழியாகக் கத்தினாள்.

"அப்பாவுக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது. பாத்துக்கடி."

அப்பா என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். காதில் விழாத மாதிரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு நிமிசம் லேட்டு," என்றார்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் முப்பது வருடம் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்து, நடத்துநரின் ட்ரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புவது வேலை. போன வருடம் ஓய்வு. கடிகாரத்துக்கு இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

ஜூன் 5

மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படுத்தேன். போர்வை. அதன்மேல் இன்னொரு போர்வை. ஊரே வியர்த்துக்கொண்டிருக்கிறது.

ஜூன் 9

இரண்டாம் ஆண்டு வகுப்பு. உருவகம் நடத்திக்கொண்டிருந்தேன். நடுவில் உருவகம் என்ற சொல்லே போய்விட்டது. கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். முதல் பெஞ்சுப் பெண் மெதுவாக எடுத்துக் கொடுத்தாள்.

தமிழில் எம்.ஃபில். கௌரவ விரிவுரையாளர். சொல்தான் என் பிழைப்பு.

மதியம் ஆசிரியர் அறையில் தூங்கிவிட்டேன். ஷகிலா உலுக்கி எழுப்பினாள்.

"கோதை, உன் தூக்கத்தப் பாத்தா பொறாமையா இருக்குடி. எனக்கு ரெண்டு புள்ளைக இருக்கு, ஒண்ண எடுத்துட்டுப் போ, சரியாயிடும்."

குரல் வேறு கட்டியிருக்கிறது. வருகைப் பதிவு எடுக்கும்போது யாரோ ஒரு மாமா என் வாயிலிருந்து கூப்பிடுவது போல.

ஜூன் 12

சீப்பில் என் தலைமுடி. தலையில் மிச்சம்.

ஜூன் 16

டாக்டர் ரெஜினா மேரி கழுத்தைத் தொட்டு, "எச்சி முழுங்குங்க," என்றார். முழுங்கினேன். ரத்தப் பரிசோதனை முடிவு மேஜைமேல் இருந்தது. டி.எஸ்.எச். நாற்பத்திரண்டு. ஐந்துக்குள் இருக்க வேண்டுமாம்.

"உங்க தைராய்டு சோம்பிப் படுத்திருச்சு. எந்திரி, வேலையப் பாருன்னு மூளை சத்தம் போடுது. அந்தச் சத்தம்தான் இந்த நாப்பத்திரண்டு."

குளிர், தூக்கம், மறதி, முடி, எடை, மாதாமாதம் தள்ளிப்போய் வந்து பத்து நாள் நிற்காத உதிரம். எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ரத்தமும் குறைவு. தைராய்டுக்குச் சின்ன வெள்ளை மாத்திரை. ரத்தத்துக்குப் பெரிய சிவப்பு மாத்திரை.

"வெள்ளை மாத்திரை, எந்திரிச்சதும் வெறும் வயித்துல. தண்ணி மட்டும். அப்புறம் ஒரு மணி நேரம் காபி, டீ, பால் எதுவும் கூடாது. சிவப்பு, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுடாதீங்க. உடம்புல சேராது."

"எத்தன நாளைக்கு டாக்டர்?"

"ஆயுசுக்கும்."

வாழ்த்துவது போலச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். தைராய்டு. மாத்திரை. அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எப்ப?"

"காலையிலப்பா. எந்திரிச்சதும்."

தலையாட்டினார். மிச்சத்தைச் சொல்வதற்குள் செய்தி பார்க்கப் போய்விட்டார். எங்களுக்குள் பேச்சு எப்போதுமே அவ்வளவுதான். நான் எழும் முன் முதல் ஷிப்டுக்குப் போய்விடுவார். இரண்டாவது ஷிப்டு என்றால் நான் தூங்கியபின் வருவார். இருபத்தாறு வருடத்தில் இருவரும் பேசியதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம்.

ஜூன் 17

ஐந்து மணி. விளக்கு எரிந்தது. வாசற்படியில் அப்பா. கையில் தட்டு. தட்டில் டம்ளர் டவராவில் காபி, பக்கத்துச் சாஸரில் வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று.

தொண்டையைச் செருமினார். பிறகு பேருந்து நிலைய ஒலிபெருக்கியின் குரலில்:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நத்தம் வழியாகச் சிங்கம்புணரி செல்லும் பேருந்து, ஒன்றாவது நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது."

நான் எழுந்து உட்கார்ந்தேன். அப்பா வேடிக்கை பேசி நான் கேட்டதே இல்லை.

நேற்றிரவு அம்மாவிடம் போனில் கேட்டு டிகாஷன் போட்டிருக்கிறார். ஃபில்டரில் தூளைக் கீழ்ப்பாத்திரத்தில் போட்டு, மேலே வெந்நீர் ஊற்றி, இறங்கவில்லையே என்று காத்திருந்திருக்கிறார். அதைத் துணியில் வடிகட்டியிருக்கிறார். பல்லில் நறநறத்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்குப்பா."

பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு மாத்திரைகளும் காபியோடு இறங்கின. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 18

இன்று வத்தலக்குண்டு வண்டி. சொல்லவில்லை.

ஜூன் 22

அவர் கட்டிலோரம் மோடா போட்டு உட்கார்கிறார். நான் குடித்து முடிக்கும் வரை ஒரு கதை. எந்த வண்டியை அறிவிக்கிறாரோ அந்த வண்டியின் கதை. சாணார்பட்டி ஆடு ஒன்று தினமும் தனியாக ஏறி இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்குமாம். நடத்துநர் பார்த்துப் பார்த்து ஒருநாள் ஆட்டுக்காரரிடம் பாஸ் எடுக்கச் சொன்னாராம்.

"நெசமாவா?"

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்? அரை டிக்கெட்டு கேட்டான் ஆட்டுக்காரன். நாலு காலுக்கு ரெண்டு டிக்கெட்டுன்னான் கண்டக்டர்."

டம்ளர் காலியானதும் எழுந்துவிடுவார். வண்டி கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

மெதுவாகக் குடிக்கப் பழகுகிறேன்.

ஜூலை 6

காபி தேறிவிட்டது. பட்டிவீரன்பட்டித் தூள், சிக்கரி இல்லாமல். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது டம்ளரும் கேட்டேன். அப்பா சமையலறைக்கு நடந்து போன விதத்தில் ஒரு நடன அசைவு இருந்தது. மிகைப்படுத்தவில்லை.

ஜூலை 13

அம்மா போனில். ஸ்பீக்கரில்.

"மாத்திரை போடுறியா?"

"போடுறேம்மா."

"இந்த மாசம் தலைக்கு ஊத்திக்கிட்டியா?"

அப்பா டி.வி. ஒலியை உச்சத்துக்கு ஏற்றினார். வானிலை அறிக்கை தெருவுக்கே கேட்டது.

ஜூலை 24

அக்காவுக்குப் பெண் குழந்தை. அப்பா தெருவில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். "காலை ஏழு பதினெட்டு," என்று நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 11

மறுபரிசோதனை. முப்பத்தெட்டு.

"ஒழுங்காப் போடுறீங்களா?"

"ஒருநாள்கூட விட்டதில்ல டாக்டர்."

உண்மை. மாத்திரை அளவைக் கூட்டிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 19

நத்தம் வண்டி மறுபடி.

"நத்தம் வண்டிய ஒரே ஒரு தடவ நான் லேட்டா விட்டிருக்கேன்," என்றார் அப்பா.

"நீங்களா? லேட்டாவா?"

"எட்டு இருவது வண்டி. மெமோ கொடுத்துட்டாங்க. அப்ப ஒரு பொண்ணு..."

என் டம்ளரைப் பார்த்தார். காலி. எழுந்துவிட்டார்.

இனி பெரிய டம்ளரில் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 3

மாணவிகள் எழுதிக் கொடுத்த கருத்துகளைத் துறைத்தலைவர் காட்டினார். "மேம் நல்லா நடத்துறாங்க. ஆனா ஒரு வாக்கியம் முடியறதுக்குள்ள பெல் அடிச்சிருது."

டிசம்பரில் என் பணிக்காலம் முடிகிறது. நீட்டிப்பது பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க ஆரம்பித்திருந்தால் பெல் அடித்திருக்கும்.

செப்டம்பர் 14

பெரிய டம்ளர் கேட்டேன். அப்பா சந்தோஷப்பட்டார். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்டேன்.

"யாரு?"

"எட்டு இருவது வண்டி."

"அதுவா? அது பெரிய கதை. ஒரு டம்ளர்ல முடியாது."

செப்டம்பர் 22

முப்பத்தாறு.

டாக்டர் ரெஜினா மேரி தாளை இரண்டு முறை பார்த்தார். "இவ்வளவு மாத்திரைக்கு இது இறங்கியிருக்கணும். இப்படியே விட்டா கொழுப்பு ஏறும், இதயத்தையும் பாக்கணும். புதன்கிழமை வாங்க. வீட்டுல யாரையாவது கூட்டிட்டு வாங்க. உங்களுக்கு மறதி இருக்குன்னு நீங்களே சொல்றீங்க."

மறதி இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் இல்லை.

நாளைக் காலை சொல்லிவிடுவேன்.

செப்டம்பர் 23

கொடைக்கானல் வண்டி. பிரேக் பிடிக்காத கதை. சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

செப்டம்பர் 24

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் முதலில் மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார். அப்பா சுவரில் இருந்த கண் படத்தை மிகுந்த அக்கறையோடு படித்தார்.

பிறகு டாக்டர் கேட்டார். "காலையில மாத்திரை எப்படிச் சாப்பிடுறீங்க?"

"வெறும் வயித்துல டாக்டர். தண்ணியில."

"இல்லைங்க டாக்டர்." அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த கேள்வி வந்துவிட்டது. "தண்ணியெல்லாம் இல்ல. நான்தான் கொடுக்குறேன். சுடச்சுடக் காபியில. கரெக்டா அஞ்சு மணிக்கு. ஒருநாள் தவறினதில்ல. வெள்ளை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு, ரெண்டையும் ஒண்ணா வச்சுக் கொடுத்துருவேன். மறக்காது பாருங்க."



டாக்டர் பேனாவை மூடினார். "சார், அந்த வெள்ளை மாத்திரைய உடம்பு எடுத்துக்கணும்னா கூட எதுவும் போகக் கூடாது. காபியும் கூடாது, இரும்புச்சத்தும் கூடாது. முத நாளே பொண்ணுகிட்ட சொன்னேனே." என்னைப் பார்த்தார். "சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூடிய பேனாவையே பார்த்தார்.

பேருந்தில் தனித்தனி இருக்கை. எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தது.

செப்டம்பர் 25

ஐந்து மணிக்கு நானே விழித்தேன். கட்டிலோரம் சாஸரில் வெள்ளை மாத்திரை. ஒரு சொம்புத் தண்ணீர். அறிவிப்பு இல்லை. அப்பாவின் செருப்பும் இல்லை.

டீக்கடையில் குடித்துவிட்டு எட்டு மணிக்கு வந்தார்.

செப்டம்பர் 26

மாத்திரை. தண்ணீர். கழுவிக் கவிழ்த்த ஃபில்டர்.

செப்டம்பர் 28

ஞாயிறு. காலையில் பேருந்து நிலையம் போனேன். எதிர்பார்த்த இடத்தில் இருந்தார். நத்தம் வண்டி நிற்கும் இடத்துக்கு எதிரே, சிமெண்டு இருக்கையில். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா."

"முப்பது வருசம்." மெதுவாக ஆரம்பித்தார். "ஒரு ரூட்டுல ரெண்டு வண்டிய நான் ஒண்ணா விட்டதில்ல. ஒண்ணா விட்டா என்னாகும்? முன்னாடி போறவன் மொத்தச் சனத்தையும் ஏத்திக்குவான். பின்னாடி போறவன் காலியாப் போவான். டீசல் தண்டம். ரெண்டு டிரைவரும் சாணார்பட்டியில எறங்கிச் சட்டையப் புடிச்சுக்குவாய்ங்க. இது எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதா பாப்பா?"

"தெரியும்ப்பா."

"என் வீட்டுல, என் கையால, மூணு வண்டிய ஒண்ணா விட வச்சிட்டியே. மூணு மாசமா!"

ஒரு நடத்துநர் திரும்பிப் பார்த்து, வணக்கம் வைத்துவிட்டு வேகமாகப் போனார்.

"ஏன் சொல்லல?"

நான் யோசித்து வைத்திருந்த பதில்கள் நிறைய. எல்லாம் எழுத்துத் தமிழில் இருந்தன.

"சொன்னா காபி கொண்டுவர மாட்டீங்கள்ல. வண்டி வராதுல்ல."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெயில் இல்லை. பிறகு எதிரே கையைக் காட்டினார்.

"ஏழு நாப்பது எடுத்திருக்கணும். இன்னும் நிக்கிறான் பாரு. புதுப் பய எவனோ டைம் கீப்பரா இருக்கான்."

திரும்பி வரும்போது பக்கத்துப் பக்கத்து இருக்கை.

செப்டம்பர் 29

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. காலை ஐந்து மணி வண்டி, மாத்திரை. தண்ணீர் மட்டும். ஆறு மணி வண்டி, காபி. சிவப்பு வண்டி மதியம் இரண்டரைக்கு, கல்லூரியில் இருந்து. இடையில் வேறு வண்டி கிடையாது."

"இடையில என்னப்பா செய்யறது?"

"உக்காந்திருக்க வேண்டியதுதான். பஸ் ஸ்டாண்டுல வேற என்ன செய்வாங்க?"

மோடாவை இழுத்துப் போட்டுக்கொண்டார். டம்ளர் இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று இருவருக்கும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் நீளமாக இருந்தது. ஆட்டுக் கதையை மறுபடி சொன்னார். இந்த முறை ஆட்டுக்கு ஒரு பெயரும் இருந்தது.

அக்டோபர் 12

கதைகளுக்கு இப்போது நடுப்பகுதி வந்துவிட்டது. முன்பு தொடக்கமும் முடிவும்தான்.

நானும் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் இருண்மைக் கவிதை எழுதித் திரிந்ததைச் சொன்னேன். ஒன்றைப் படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"எங்க ஏறுறோம்னு தெரியுது. எங்க எறங்கணும்னு தெரியல."

நான் படித்த விமரிசனங்களில் இதுவே சுருக்கமானது.

அக்டோபர் 19

எட்டு இருபது வண்டி. முதல் பகுதி. நத்தம் கூட்டுறவு சங்கத்தில் டைப்பிஸ்ட் வேலைக்குப் போய்வந்த ஒரு பெண். தினமும் எட்டே காலுக்கு வந்துவிடுவாள். பச்சைக் குடை. ஒருநாள் எட்டு இருபது ஆகிவிட்டது, வரவில்லை. நடத்துநர் ட்ரிப் ஷீட்டை நீட்டுகிறார். அப்பா பேனாவைத் திறக்கிறார். அப்போது பூக்கடை முக்கில் பச்சைக் குடை தெரிகிறது. ஒரு கையில் குடை. இன்னொரு கையில் அறுந்த செருப்பு.

"அப்புறம்?"

"மணி ஆறு," என்று எழுந்தார்.

அம்மாவும் கல்யாணத்துக்கு முன் நத்தத்தில் டைப்பிஸ்ட் வேலை பார்த்தவள். அவர்களுடையது ஜாதகம் பார்த்துச் செய்த கல்யாணம். பத்துப் பொருத்தத்தில் எட்டு என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இங்கே குறித்து வைக்கிறேன். அவ்வளவுதான்.

அக்டோபர் 27

தூக்கத்தில் எழுந்து மின்விசிறியைப் போட்டிருக்கிறேன். காலையில்தான் தெரிந்தது.

நவம்பர் 5

ஷகிலா முறைத்தாள். "என்னடி இப்பல்லாம் மத்தியானம் முழிச்சிட்டு இருக்க? நான் யாரப் பாத்துப் பொறாமைப்படுறது?"

வகுப்பில் மணி அடிக்கும்போது நான்கு நிமிடம் முன்பே முடித்திருந்தேன். குரல் என்னுடையதாக இருந்தது. மாமா ஊருக்குப் போய்விட்டார்.

நவம்பர் 24

நான்கு புள்ளி ஒன்று.

டாக்டர் ரெஜினா மேரி தாளை அப்பாவிடமே கொடுத்தார். அப்பா அதைக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப வண்டி டயத்துக்கு வந்துருச்சு."

"வந்துருச்சு சார். ஆனா தினமும் ஓடணும்."

"அது ஓடும்," என்றார்.

மாலையில் துறைத்தலைவர் கூப்பிட்டார். ஜனவரிக்கும் கால அட்டவணையில் என் பெயர் இருக்கிறது. அப்பாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். "எத்தன மணி க்ளாஸ்?" என்று கேட்டார்.

நவம்பர் 29

அம்மா வந்துவிட்டாள். வீடு அவளுடைய குரலுக்குத் திரும்பிவிட்டது. ஃபில்டரை முகர்ந்து பார்த்தாள். "யாரு போட்டது?" அப்பா கூச்சப்பட்டார்.

நவம்பர் 30

ஐந்து மணி. மாத்திரை போட்டாயிற்று. அப்பா மோடாவில். சமையலறையில் இருந்து அம்மா டம்ளரோடு வந்தாள். அப்பா எழுந்து வாசற்படியில் குறுக்கே நின்றார்.

"காபி ஆறு மணிக்குத்தான்."

"புள்ள முழிச்சு உக்காந்திருக்கா. வாயில ஒரு மடக்குக் காபி விடாம என்ன மனுசன் நீங்க?"

"இப்பத்தான் ஒரு வண்டி போயிருக்கு. ஒரு மணி நேர இடைவெளி."

"இந்தக் கூத்து எத்தன நாளைக்கு?"

"ஆயுசுக்கும்," என்றார் அப்பா.

டாக்டர் சொன்னபோது இந்தச் சொல் கனமாக இருந்தது. அப்பா திருவிழாத் தேதி சொல்வது போலச் சொன்னார்.

அம்மா முணுமுணுத்துக்கொண்டே போய் டம்ளரை மூடி வைத்துவிட்டு வந்து, என் காலடியில் உட்கார்ந்தாள். "அப்படி என்னதான் செய்யறீங்க ரெண்டு பேரும் ஒரு மணி நேரம்?"

"கதை," என்றேன். "எட்டு இருவது வண்டி. செருப்பு அறுந்த இடத்துல நிக்குது."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா காலண்டரைப் பார்த்தார்.

"சொல்லுங்கப்பா."

"என்ன சொல்ல? பேனாவுல மை தீந்துபோச்சுன்னேன். உதறுனேன். வேற பேனா தேடுனேன். டிரைவர் ஹாரன அடிச்சான். அதுக்குள்ள அந்தப் பொண்ணு வந்து ஏறிடுச்சு. பாவம், அறுந்த செருப்பக் கையில புடிச்சிட்டு அம்புட்டு தூரம் ஓட முடியுமா? நாலு நிமிசம் லேட்டு. மெமோ."

"நாலா? ஏழு," என்றாள் அம்மா.

அப்பா காலண்டரிலிருந்து திரும்பினார்.

"அப்புறம், செருப்பு ஒண்ணும் அறுந்திருக்கல." தலைமுடியை அவிழ்த்து முடிந்துகொண்டே சொன்னாள். "நாந்தான் கழட்டிக் கையில வச்சுக்கிட்டேன். பூக்கடைக்குப் பின்னாடி எட்டே காலுக்கே வந்து நின்னாச்சு. வண்டிய நிப்பாட்டுறாரா இல்ல அனுப்பிடுறாரான்னு பாப்போம்னு."

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். முப்பது வருடத்துக்கு முன் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு வண்டி இப்போதுதான் போய்ச் சேர்ந்திருந்தது.

"அப்ப ஜாதகம்?" என்றேன்.

"அதெல்லாம் ஒங்க தாத்தாவுக்குச் சொன்னது. ஜோசியர்கிட்ட இவரு தனியாப் போய்ப் பேசி வச்சிருந்தாரு."

"நீ சும்மா இருக்க மாட்ட?" என்றார் அப்பா. அவர் காது சிவந்திருந்தது. "இந்திராணி, நெசமாவே அறுகலையா?"

"அறுகல."

"செருப்போட ஒரு வாருகூட?"

"ஒரு வாருகூட."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். அம்மாவும். இருவரும் எனக்குத் தெரியாத யாரோ இரண்டு இளவயதுக்காரர்களைப் போலச் சிரித்தார்கள். பழைய கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வெகுநேரம் கழித்துத்தான் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு பத்து.

"அப்பா, காபி?"

கேட்கவில்லை. அவர் தன் வாழ்நாளில் இரண்டாவது முறையாக ஒரு வண்டியைத் தாமதமாக விட்டுக்கொண்டிருந்தார்.